சுள்ளென்ற வெயிலில் ஆள் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெயிலில் ஆட்களைப் படம் எடுக்கத் தொடங்கியவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறேன். முதலில் வருபவை இப்போதுதான் கேமராவைக் கையில் எடுத்தவர்களுக்கானவை. போகப் போக ஃபிளாஷ், ஃபில்டர் என்று சிக்கலான இடங்களுக்குப் போகும். எல்லாப் பதில்களுக்கும் அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான்: கேமராவின் பொத்தான்களைத் திருகுவதற்கு முன், எதிரில் நிற்பவரைத் திருப்பி நிறுத்திப் பாருங்கள்.

வெயில் நல்லா அடிக்குது, வெளிச்சத்துக்குக் குறைவே இல்ல. அப்புறம் ஏன் படம் நல்லா வரல?

வெளிச்சத்தின் அளவு வேறு, அதன் தன்மை வேறு. சூரியன் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், இங்கிருந்து பார்க்கும்போது வானத்தில் அரை டிகிரி அகலம்தான். அவ்வளவு சிறிய இடத்திலிருந்து வரும் ஒளி மூக்கு, புருவம், கீழுதடு என்று எதில் பட்டாலும் கூரான விளிம்போடு நிழல் விழும். மேகம் மூடினால் அதே ஒளி வானம் முழுக்கப் பரவி எல்லாப் பக்கத்திலிருந்தும் வருகிறது. நிழலின் விளிம்பு கரைந்துபோகிறது.

அடுத்தது, வெயிலுக்கும் நிழலுக்கும் உள்ள வித்தியாசம். நேர் வெயிலில் ஏறக்குறைய 1,00,000 லக்ஸ் ஒளி இருக்கும். பக்கத்திலேயே திறந்த நிழலில் 10,000 முதல் 20,000 லக்ஸ்தான். நம் கண் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துச் சமாளித்துவிடுகிறது. கேமரா ஒரே எக்ஸ்போஷரில் (ஒரு படத்துக்கு உள்ளே விடும் ஒளியின் அளவில்) இரண்டையும் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் நெற்றி வெளுத்து, கண்குழி கருத்துப்போகிறது. (இனி 'ஸ்டாப்' என்று வரும் இடங்களில், ஒளி இரண்டு மடங்காவது அல்லது பாதியாவது ஒரு ஸ்டாப் என்று கொள்ளுங்கள்.)

சூரியன் எடுக்கிறவரோட முதுகுப் பக்கம் இருக்கணும்னுதானே எல்லாரும் சொல்றாங்க?

அது பழைய ஃபிலிம் காலத்து அறிவுரை. எக்ஸ்போஷரை மாற்றவே முடியாத எளிய கேமராக்களுக்கு நேர் வெளிச்சம் தேவைப்பட்டது. இன்றைய கேமராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எதிரில் இருப்பவர் சூரியனையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். கண் சுருங்கும், முகம் தட்டையாகத் தெரியும். சூரியன் தாழ்வாக இருந்தால் உங்கள் நிழலும் படத்துக்குள் வந்துவிடும்.

எந்த நேரத்துல எடுத்தா நல்லா வரும்?

கடிகாரத்தை விட உங்கள் நிழல் நன்றாகச் சொல்லும். நிழல் உங்கள் உயரத்தை விட நீளமாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்குக் கீழே இருக்கிறது. நேர் வெயிலிலேயே முகம் எடுக்கலாம். நிழல் உங்கள் உயரத்தைப் போல இரண்டு மடங்கு நீண்டால் இன்னும் நல்லது. நிழல் காலடியில் சுருண்டு கிடந்தால் அது உச்சி வெயில்; கண்குழியில் இருட்டு விழும்.

சூரியன் அடிவானத்திலிருந்து ஆறு டிகிரி உயரத்துக்குள் இருக்கும் நேரத்தைப் பலரும் விரும்புவார்கள். அப்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருவதால் நீலம் சிதறிப்போய் மஞ்சளும் சிவப்பும் மிஞ்சுகின்றன, உக்கிரமும் குறைகிறது. ஆனால் அந்த நேரத்துக்காக மட்டுமே காத்திருந்து பழகினால், மற்ற நேரத்தில் எடுக்கத் தெரியாமலே போய்விடும்.

எனக்கு மதியம்தான் நேரம் கிடைக்குது. என்ன பண்றது?

முதல் வழி நிழல். அடுத்த கேள்வியில் விரிவாக இருக்கிறது. நிழலே இல்லாத வெட்டவெளி என்றால் தரையைப் பாருங்கள். வெளிர் நிற சிமென்ட், மணல், வெள்ளைச் சுவர் இவற்றின் அருகே நிறுத்தினால் அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளி கண்குழிக்குள் போகும். கருந்தார்ச் சாலையில் அந்த உதவி கிடைக்காது.

மூன்றாவது வழி முகத்தை ஒளிக்கு ஏற்பச் சாய்ப்பது. கண்ணை மூடி, முகத்தை வானத்தை நோக்கி உயர்த்தச் சொன்னால் உச்சி வெயில் முகத்துக்கு நேர் வெளிச்சமாகிவிடும். படியில் உட்கார வைத்து, நீங்கள் மேலே நின்று எடுத்தாலும் ஓரளவு இதே பலன். நான்காவது, அகலமான விளிம்புள்ள தொப்பி. அது தரும் நிழல் முகம் முழுவதையும் மூட வேண்டும். பாதி நெற்றியில் முடியும் நிழல், தொப்பி இல்லாததை விட மோசம்.

மரத்தடி நிழல்ல நிக்க வெச்சேன். முகமெல்லாம் புள்ளி புள்ளியா வெளிச்சம் விழுது.

இலை இடுக்குகள் வழியாக விழும் அந்த வட்டங்கள் ஒவ்வொன்றும் சூரியனின் சிறு பிம்பம். நேர் வெயிலின் உக்கிரம் அதில் அப்படியே இருக்கும். ஒரு புள்ளி மூக்கு நுனியில் விழுந்தாலும் படம் கெட்டது. இலை அடர்ந்த மரமாகப் பாருங்கள், அல்லது மரத்தை விட்டுவிட்டு ஒரு கட்டடத்தின் நிழலுக்குப் போங்கள். ஆளை நிறுத்துவதற்கு முன் உங்கள் உள்ளங்கையை அவர் முகம் வரும் உயரத்தில் பிடித்துப் பாருங்கள். அதில் புள்ளி விழுந்தால் முகத்திலும் விழும். காற்றடித்தால் புள்ளிகள் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று: நிழலின் உள்ளே ஆழமாகப் போகாதீர்கள். சுவரோடு ஒட்டி நின்றால் ஒளி செத்துப்போய் இருக்கும். நிழலும் வெயிலும் பிரியும் கோட்டுக்கு ஓரிரு அடி உள்ளே, முகம் திறந்த வானத்தைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். வானத்தின் அந்தப் பெரிய பரப்பு முழுக்க விளக்காக மாறும். கண்மணியில் ஒளிப்பொட்டு வந்து உட்காரும். ஒரு இடம் சரியா என்று பார்க்க நான் முதலில் தேடுவது அந்தப் பொட்டைத்தான். தலைக்கு மேலே மறைப்பும், எதிரே திறந்த வெளியும் உள்ள வாசல், வராந்தா, மேம்பாலத்தின் ஓரம் எல்லாமே இதே காரணத்தால் அருமையான இடங்கள்.

நிழல்ல எடுத்த படம் நீலமா இருக்கு. புல்வெளியில எடுத்தா முகம் பச்சையடிக்குது.

நேர் வெயிலின் நிற வெப்பநிலை ஏறக்குறைய 5,500 கெல்வின் (இந்த எண் ஏற ஏற ஒளி நீலமாகும்). நிழலுக்கு வருவது நீல வானத்தின் ஒளி என்பதால் அது 7,000, 8,000 கெல்வின் வரை போகும். வொயிட் பேலன்ஸை, அதாவது கேமராவின் நிறச் சரிசெய்தலை, 'நிழல்' குறியில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். 'ரா' கோப்பாக (கேமரா மெருகேற்றாத மூலப் பதிவாக) எடுத்தால் பிறகும் மாற்றிக்கொள்ளலாம்.

பச்சை வேறு கதை. வெயில் பட்ட புல் தன் நிறத்தையே தாடைக்கு அடியில் தெளிக்கிறது. முகத்தின் ஒரு பகுதியில் மட்டும் இருப்பதால் வொயிட் பேலன்ஸால் அதை முழுதாக எடுக்க முடியாது. இடத்தை மாற்றுவதுதான் வழி. கண்ணைப் பறிக்கும் நிறத்தில் சட்டை போட்டிருந்தாலும் இதே தொல்லை வரும்.

சூரியனைப் பின்னாடி வெச்சா முகம் கருப்பாயிடுது.

முகம் அப்போது நல்ல நிழலில்தான் இருக்கிறது. மென்மையான ஒளி, கண் கூசாது, முடியின் ஓரத்தில் வெளிச்சக் கோடு. வெட்டவெளியில் நான் முதலில் முயல்வது இதைத்தான். கேமரா பின்னணியின் பிரகாசத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு முகத்தை இருட்டாக்கிவிடுகிறது, அவ்வளவுதான்.

எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (கேமரா போட்ட கணக்கைக் கூட்டிக் குறைக்கும் வசதியை) +1-இல் தொடங்கி +2 வரை ஏற்றிப் பாருங்கள். அல்லது ஸ்பாட் மீட்டரிங் வைத்து முகத்தை மட்டும் அளந்து எடுங்கள். எல்லாவற்றையும் நாமே அமைக்கும் மேனுவல் முறையில் ஒருமுறை முகத்துக்குச் சரியாக வைத்துவிட்டால், ஆள் அதே திசையில் நிற்கும்வரை மாற்றவே தேவையில்லை. ஒவ்வொரு ஃபிரேமுக்கும் கேமரா மனம் மாறும் தொல்லையும் இருக்காது. நேராக நடுமுதுகில் வெயில் படுவதை விட, ஒரு தோளின் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து படுவது அழகு. ஆனால் மூக்கு நுனியிலோ கன்னத்திலோ வெயில் துண்டு தொடுகிறதா என்று பாருங்கள். தொட்டால் தலையை இம்மியளவு திருப்பச் சொல்லுங்கள்.

அப்படி எடுத்தா பின்னால வானம் வெள்ளையாப் போயிடுதே?

முகத்துக்குப் பின்னால் வானம் ஏன் இருக்க வேண்டும்? முகம் நிழலில் இருக்கும்போது அதே நிழலில் இருக்கும் வேறொன்றைப் பின்னணியாகத் தேடுங்கள்: அடர்ந்த மரக்கூட்டம், நிழல் விழுந்த சுவர், இருண்ட வாசல். முடியின் ஓரத்து ஒளிக்கோடும் இருட்டுப் பின்னணியில்தான் எடுபடும். நீங்கள் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலோ, கொஞ்சம் உயரமான இடத்தில் ஏறி நின்றாலோ வானம் ஃபிரேமை விட்டுப் போய்விடும். 85 மி.மீ., 135 மி.மீ. லென்ஸ்களில் பின்னணி குறுகலாகத் தெரியும் என்பதால் இது இன்னும் எளிது. நீல வானமும் வேண்டும், முகமும் வேண்டும் என்றால் ஃபிளாஷ் வேண்டும். கடைசிப் பகுதியில் வருகிறது.

எதிர்வெளிச்சத்துல எடுத்தா படமே பனி மூடின மாதிரி ஆயிடுது.

சூரிய ஒளி நேராக லென்ஸின் முன்கண்ணாடியில் விழுகிறது. லென்ஸின் முனையில் மாட்டும் மறைப்பான லென்ஸ் ஹூட் போடுங்கள். அது போதாவிட்டால் ஃபிரேமுக்குள் தெரியாதபடி உள்ளங்கையை லென்ஸுக்கு மேலே நிழல்போலப் பிடியுங்கள். கண்ணாடியில் தூசியும் விரல்ரேகையும் இருந்தால் மூட்டம் பல மடங்காகும். சூரியனை அவர் தலைக்குப் பின்னாலோ ஒரு கிளைக்குப் பின்னாலோ மறைப்பதும் நல்ல வழி.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஆப்டிகல் வியூஃபைண்டர் (திரை இல்லாமல் கண்ணாடி வழியே நேராகப் பார்க்கும் துளை) உள்ள கேமராவில், குறிப்பாக நீள லென்ஸ் வழியாக, சூரியனை நேராகப் பார்க்காதீர்கள். கண்ணுக்கு நிரந்தரச் சேதம் வரலாம். லென்ஸைச் சூரியனை நோக்கித் திறந்தபடி கேமராவை வைத்துவிட்டுப் போவதும் ஷட்டருக்கும் சென்சாருக்கும் ஆபத்து.

கண்ணைத் திறக்கவே முடியலங்கிறாங்க. எல்லா படத்துலயும் கண் சுருங்கியே இருக்கு.

வெயில் முகத்துக்கு எதிரே இருந்தால் யாராலும் திறக்க முடியாது. "கண்ணை நல்லா திறங்க" என்று சொல்வது அவரைப் படுத்துவதுதான். முதலில் ஆளைத் திருப்புங்கள். திருப்ப முடியாத சூழலில், கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, தயாரானதும் மூன்று வரை எண்ணித் திறக்கச் சொல்லுங்கள். திறந்த முதல் நொடியில் எடுத்துவிட வேண்டும். பார்வையை இருண்ட ஒன்றின் மீது வைக்கச் சொல்வதும் உதவும்: கருமையான மரம், நிழல், உங்கள் கருப்புச் சட்டை. வெளிர்நிறத் தரையைப் பார்த்து நின்றாலும் கண் கூசும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் இது இன்னும் கஷ்டம். அவர்களை நிழலில் உட்கார வைத்துவிட்டு, கேமரா அமைப்புகளையெல்லாம் வேறொருவரை நிறுத்திச் சரிபார்த்த பிறகு கூப்பிடுங்கள்.

மாநிறம், கருத்த நிறம் உள்ளவங்களுக்கு எக்ஸ்போஷரைக் கூட்டி வெக்கணுமா?

அவர்களை வெளுப்பாகக் காட்டுவதற்காகக் கூட்டக் கூடாது. இதில் நான் உறுதியாக இருக்கிறேன். கேமராவின் மீட்டர் எதை அளந்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் பிரகாசத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கருத்த முகத்தை மட்டும் ஸ்பாட் மீட்டரால் அளந்தால், இருப்பதை விட வெளுப்பாக வரும். அரை ஸ்டாப்போ ஒரு ஸ்டாப்போ குறைக்க வேண்டியிருக்கும். வெளிர் நிற முகத்தில் நேர்மாறு. ஆனால் பிரகாசமான பின்னணியோடு முழு ஃபிரேமையும் கேமரா அளக்கும்போது கருத்த முகம் இருட்டில் போய்விடும். அங்கே கூட்டுவது, உள்ளதை உள்ளபடி காட்டுவதற்காக.

கருத்த சருமத்தின் வடிவத்தைக் காட்டுவது நிழலை விட மேற்பரப்பில் தெரியும் பளபளப்புதான். கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, தோள் இவற்றின் மேல் ஓடும் வெளிச்சம். உச்சி வெயிலில் அது சிறு சிறு வெள்ளைப் புள்ளிகளாக எரியும். பெரிய ஒளிப்பரப்புக்கு முன், உதாரணமாகத் திறந்த நிழலில் வானத்தைப் பார்த்தபடி நிறுத்தினால் அதே பளபளப்பு அகலமாகவும் மென்மையாகவும் படரும். நிறத்தின் ஆழமும் அப்படியே இருக்கும்.

மூஞ்சி எண்ணெய் வழியிற மாதிரி பளபளன்னு தெரியுது.

வியர்வையை ஒற்றி எடுக்க மெல்லிய தாளோ பருத்தித் துணியோ கையில் வைத்திருங்கள். தேய்க்கக் கூடாது, ஒற்ற வேண்டும். லென்ஸின் முன்னால் மாட்டித் திருகும் போலரைசர் ஃபில்டரும் சருமத்தின் பளபளப்பைக் குறைக்கும்; ஒன்றரை, இரண்டு ஸ்டாப் ஒளியை எடுத்துக்கொள்ளும். முழுக்கத் திருகிவிட்டால் முகம் உயிரற்றதாகிவிடும், அதனால் பாதி வழியில் நிறுத்துங்கள். இப்போது சொன்ன கருத்த சருமத்தின் அழகான பளபளப்பையும் அது தின்றுவிடும் என்பதால் அங்கே நான் போலரைசரைத் தவிர்ப்பேன்.

ஃபோன்லதான் எடுக்கிறேன். இதெல்லாம் எனக்கும் பொருந்துமா?

நிற்கும் இடம், திரும்பும் திசை எல்லாம் அப்படியே பொருந்தும். கூடுதலாகச் சில விஷயங்கள். லென்ஸைத் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். பையில் கிடந்த ஃபோனில் எதிர்வெளிச்ச மூட்டத்துக்கு முதல் காரணம் அதுதான். முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய்து, பக்கத்தில் வரும் சூரியக் குறியை இழுத்துப் பிரகாசத்தைச் சரிசெய்யுங்கள். அகலக் கோண லென்ஸை முகத்துக்கு அருகில் கொண்டுபோனால் மூக்கு பெரிதாகும். இரண்டு மடங்கு, மூன்று மடங்கு லென்ஸ் இருந்தால் அதை வைத்துச் சற்றுத் தள்ளி நில்லுங்கள். பின்வெயிலில் முடி ஓரம் மின்னும்போது போர்ட்ரெய்ட் மோடு முடியையும் சேர்த்து மங்கலாக்கிவிடக்கூடும். அந்த இடத்தில் சாதாரண மோடிலும் ஒன்று எடுத்து வையுங்கள்.

ரிஃப்ளெக்டர் வாங்கணுமா? வெள்ளை, சில்வர், கோல்டுன்னு எது?

ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஒளியைத் திருப்பி அடிக்கும் பலகையான ரிஃப்ளெக்டரைத்தான் சொல்வேன். ஒரு மீட்டர் விட்டமுள்ள மடிப்பு வகையில் வெள்ளை, சில்வர், கோல்டு, கருப்பு, நடுவே ஒளியை வடிகட்டும் துணி என்று ஐந்து பயன்பாடுகளும் சேர்ந்தே வரும். வெள்ளை மென்மையாக நிழலை நிரப்பும், ஆனால் அருகில் பிடிக்க வேண்டும். சில்வர் தூரத்திலிருந்தும் வலுவாக அடிக்கும். நடு வெயிலில் அது ஆளின் கண்ணைக் குருடாக்கும் அளவுக்குப் போகும். கோல்டு நடுப்பகலில் முகத்தை மட்டும் மஞ்சளாக்கிப் பின்னணியோடு ஒட்டாமல் நிறுத்தும், சாய்வெயிலில் மட்டுமே பொருந்தும். கருப்புப் பக்கம் ஒளியைத் தின்னும். முகம் தட்டையாகத் தெரியும் நிழலில் ஒரு கன்னத்துக்கு அருகே பிடித்தால் வடிவம் திரும்பும். வாங்க முடியாவிட்டால் ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகையும் வெள்ளைப் பக்கத்தின் வேலையைச் செய்யும்.

ரிஃப்ளெக்டர் பிடிச்சா முகம் பேய்ப்படம் மாதிரி வருது.

கீழேயிருந்து பிடித்திருப்பீர்கள். நம் கண் மேலேயிருந்து வரும் ஒளிக்குப் பழகியது. தாடைக்கு அடியிலும் மூக்குத் துவாரத்திலும் வெளிச்சம் ஏறினால் முகம் அந்நியமாகிவிடும். பின்வெயிலைத் திருப்பி அடிக்கும்போது பலகையை முகத்தின் உயரத்துக்கோ அதற்கும் மேலேயோ உயர்த்தி, பக்கவாட்டிலிருந்து சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முதலில் தரையில் அடித்து, மெதுவாக முகத்துக்குக் கொண்டுவாருங்கள். சட்டென்று கண்ணில் அடித்தால் அவர் அடுத்த பத்துப் படத்துக்கும் சுளித்துக்கொண்டே நிற்பார். முகம் நிழலில்தான் இருக்கிறது என்ற உணர்வு மிஞ்சும் அளவுக்கு நிரப்பினால் போதும்.

பலகையின் நடுத்துணியைத் தலைக்கு மேலே பிடித்து வெயிலை வடிகட்டலாமா என்றும் கேட்பார்கள். தலையை ஒட்டி, எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் பிடித்தால் அருமையான ஒளி. அது ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் ஒளியைக் குறைப்பதால் பின்னணி அதே அளவுக்கு வெளுக்கும். எனவே வானம் பற்றிய கேள்வியில் சொன்னதுபோல இருண்ட பின்னணியைத் தேடுங்கள். காற்றில் அது பறக்கும். பிடிப்பதற்கு ஒரு ஆள் கட்டாயம்.

நேர் வெயில்லயே எடுத்தாகணும்னா முகத்தை எந்தப் பக்கம் திருப்பணும்?

மூக்கின் நிழலைப் பாருங்கள், மற்றதை மறந்துவிடுங்கள். அது மேலுதட்டைத் தொடக் கூடாது. வாயோரத்தை நோக்கிச் சாய்வாக, குட்டையாக விழ வேண்டும். நிழல் நேராகக் கீழே இறங்கினால் தாடையைச் சற்று உயர்த்தச் சொல்லுங்கள். மிக நீளமாகக் கன்னத்தின் குறுக்கே போனால் முகத்தை வெயில் பக்கம் திருப்பச் சொல்லுங்கள். மூக்கு நிழலும் கன்ன நிழலும் சேர்ந்து, இருண்ட கன்னத்தில் ஒரு சிறு வெளிச்ச முக்கோணம் மட்டும் மிஞ்சும் நிலை அழகானது. அதற்கு அந்தப் பக்கத்துக் கண்ணிலும் ஒளி இருக்க வேண்டும்.

அடுத்து, முகத்தின் எந்தப் பாதியை நீங்கள் பார்க்கிறீர்கள் என்பது. கேமராவுக்கு அருகில் உள்ள கன்னம் நிழலிலும் தூரத்துக் கன்னம் ஒளியிலும் இருந்தால் முகம் ஒடுக்கமாக, ஆழமாகத் தெரியும். அகன்ற முகத்துக்கு இது உதவும். நேர்மாறாக, அருகில் உள்ள கன்னம் ஒளியில் இருந்தால் முகம் நிரம்பித் தெரியும். ஆளை நகர்த்தாமல் நீங்கள் சுற்றி நடந்தாலே ஒன்று மற்றொன்றாக மாறும்.

போஸ் குடுக்கத் தெரியாதவங்களை எப்படி நிக்க வைக்கிறது? விறைப்பா நிக்கிறாங்க.

எங்கே, எதைப் பார்த்து, என்ன செய்துகொண்டு நிற்க வேண்டும் என்று தெரியாததால்தான் விறைக்கிறார்கள். "இயல்பா இருங்க" என்ற சொல் எதையும் சொல்வதில்லை. காலிலிருந்து தொடங்குங்கள். உடல் எடையை ஒரு காலில், கேமராவுக்குத் தூரமாக உள்ள காலில் போடச் சொல்லுங்கள். மற்ற முழங்கால் தானாக மடியும், இடுப்பு சாயும், தோள் இரண்டும் ஒரே மட்டத்தில் இருக்காது. விறைப்பில் பாதி அங்கேயே போய்விடும். பிறகு உடம்பைக் கேமராவுக்குக் குறுக்காகச் சற்றுத் திருப்பி, முகத்தை மட்டும் ஒளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

தாடை அடுத்தது. நிமிர்ந்து நிற்கச் சொன்னால் பலரும் கழுத்தைப் பின்னால் இழுப்பார்கள். தாடைக்குக் கீழே மடிப்பு விழும். நெற்றியைக் கேமரா பக்கம் கொஞ்சம் நீட்டி, பிறகு தாடையை லேசாக இறக்கச் சொல்லுங்கள். செய்பவருக்கு அசௌகரியமாகத்தான் இருக்கும். படத்தில் தாடைக்கோடு தெளிவாக வரும். ஆனால் உச்சி வெயிலில் தாடையை இறக்கினால் கண் முழுக்க நிழலில் போய்விடும். அங்கே முன்னால் நீட்டுவது மட்டும், இறக்குவது வேண்டாம்.

வாயால் விளக்குவதை விட நீங்களே செய்து காட்டுங்கள். அவர் வலது பக்கமா உங்கள் வலது பக்கமா என்ற குழப்பமும் வராது. தொட்டுத் திருத்தாதீர்கள். நடக்கச் சொல்வது, திரும்பிப் பார்க்கச் சொல்வது, சட்டைக் கையை மடிக்கச் சொல்வது எல்லாம் நின்ற நிலைக்கு முன்னும் பின்னும் நல்ல நொடிகளைத் தரும். வெயிலில் யாராலும் நீண்ட நேரம் சிரித்துக்கொண்டிருக்க முடியாது. எனவே நிழலில் நின்று பேசி, போஸைப் பழகிவிட்டு, வெயிலுக்கு ஓரிரு நிமிடம் மட்டும் அழைத்து வாருங்கள்.

கையை என்ன பண்றதுன்னே தெரியல.

கைக்கு ஒரு வேலை கொடுங்கள்: பையில் கட்டைவிரல், துப்பட்டாவின் ஓரம், சுவர், மற்ற மணிக்கட்டு. முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே இடைவெளி விட்டால் உடல் வடிவம் தெரியும். புறங்கை முழுவதும் கேமராவைப் பார்க்காமல், கையின் பக்கவாட்டு விளிம்பு தெரிவது மேல். நேர் வெயிலில் கை முகத்துக்கு அருகே போனால் அதன் நிழலும் முகத்தில் விழும். வேண்டுமென்றே நெற்றிக்கு மேல் கையைப் பிடித்துக் கண்ணுக்கு நிழல் தருவதும் ஒரு நல்ல போஸ்தான்.

கண்ணாடி போட்டவங்களுக்கு?

கண்ணாடியின் காதுக்கம்பியைக் காதுக்கு மேல் கொஞ்சம் தூக்கினால் முன்கண்ணாடி கீழ்நோக்கிச் சாயும்; வானத்தின் பிரதிபலிப்பு போய்விடும். வெயிலில் கருக்கும் வகைக் கண்ணாடி புற ஊதாக் கதிரால் கருக்கிறது, தெளியச் சில நிமிடங்கள் ஆகும். அதை அணிந்தவரைப் படம் எடுக்கும் வரை உள்ளேயே இருக்கச் சொல்லுங்கள், அல்லது பழைய கண்ணாடியைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பத்துப் பன்னிரண்டு பேர் குரூப் ஃபோட்டோ. நிழல் பத்தல.

பாதிப் பேர் நிழலில், பாதிப் பேர் வெயிலில் என்று மட்டும் நிறுத்தாதீர்கள். அதை எதனாலும் சரிசெய்ய முடியாது. எல்லோரையும் வெயிலுக்கு முதுகு காட்டி நிறுத்தி, முகங்களுக்கு எக்ஸ்போஷர் வையுங்கள். பின்வரிசையின் நிழல் முன்வரிசை முகத்தில் விழுகிறதா என்று ஒவ்வொருவராகப் பாருங்கள். இரண்டு வரிசைக்கு எஃப் 8 பாதுகாப்பானது (எஃப் எண் லென்ஸின் திறப்பளவு; எண் கூடினால் திறப்பு சிறிதாகும், முன்னும் பின்னும் தெளிவு கூடும்). எல்லோரும் கண்ணை மூடி, எண்ணித் திறக்கும் முறை இங்கேயும் நன்றாக வேலை செய்யும்.

திரையில பாக்கும்போது சரியா இருந்துச்சு, வீட்டுக்கு வந்து பார்த்தா வெளுத்துக் கிடக்கு.

வெயிலில் கேமராத் திரையின் பிரகாசத்தை நம்ப முடியாது. ஹிஸ்டோகிராமையும் (படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று காட்டும் வரைபடம்), வெளுத்த இடம் மின்னிக் காட்டும் வசதியையும் போட்டு வையுங்கள். முகத்தில் மின்னினால் எக்ஸ்போஷரைக் குறையுங்கள். பின்னணியில், முடி ஓரத்தில் மின்னினால் பொருட்படுத்த வேண்டாம். 'ரா' கோப்பில் இருண்ட இடத்தைப் பிறகு மேலே தூக்கலாம். முழுக்க வெளுத்துப்போன நெற்றியில் மீட்பதற்கு ஒன்றும் இருக்காது.

எஃப் 1.8 லென்ஸ் வெச்சிருக்கேன். வெயில்ல முழுசா திறந்தா எடுக்கவே முடியல. என்டி ஃபில்டர் வேணுமா?

ஒரு பழைய கணக்கு உண்டு: நல்ல வெயிலில், எஃப் 16-இல், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) எண்ணே ஷட்டரின் எண். ஐஎஸ்ஓ 100 என்றால் 1/100 நொடி. அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் திறப்பை, ஒவ்வொரு ஸ்டாப்பாகத் திறக்கத் திறக்க ஷட்டர் வேகம் இரட்டிப்பாகும்: எஃப் 8-க்கு 1/400, எஃப் 4-க்கு 1/1600, எஃப் 2.8-க்கு 1/3200, எஃப் 2-க்கு 1/6400. எஃப் 1.8-க்கு ஏறக்குறைய 1/8000. உங்கள் கேமராவின் எல்லை 1/4000 என்றால் நேர் வெயிலில் எஃப் 1.8 வெளுக்கத்தான் செய்யும்.

ஆனால் லென்ஸுக்குள் வரும் ஒளியைக் குறைக்கும் கருங்கண்ணாடியான என்டி ஃபில்டரை வாங்கும் முன் யோசியுங்கள். முகம் திறந்த நிழலிலோ எதிர்வெளிச்சத்திலோ இருந்தால் அங்கே இரண்டு மூன்று ஸ்டாப் ஒளி குறைவு, எஃப் 1.8-க்கு 1/1000, 1/2000 போதும். எந்த ஃபில்டரும் தேவையில்லை. என்டி ஃபில்டர் உண்மையில் அவசியமாவது ஃபிளாஷோடு சேரும்போது.

இவ்வளவு வெயில்ல ஃபிளாஷ் எதுக்கு?

பின்னணியை எக்ஸ்போஷரால் இருட்டாக்கிக்கொண்டு, முகத்தை மட்டும் தூக்குவதற்கு. நீல வானமும் முகமும் சேர்ந்து கிடைக்கும் வழி இது. சாதாரணமாக ஃபிளாஷ் வேலை செய்யும் அதிகபட்ச ஷட்டர் வேகம் 1/200 அல்லது 1/250. மேலே சொன்ன கணக்குப்படி ஐஎஸ்ஓ 100-இல் அது எஃப் 11-இல் கொண்டு நிறுத்தும். கையடக்க ஃபிளாஷின் கைடு எண் (அதன் பலத்தைச் சொல்லும் எண்) 40 என்றால், 40-ஐ 11-ஆல் வகுத்தால் மூன்றரை மீட்டர் சொச்சம். வெறும் ஃபிளாஷ் அவ்வளவு தூரம்தான் எட்டும். மென்மைக்காக அதன் முன் சாஃப்ட்பாக்ஸ் (ஒளியைப் பரப்பும் துணிப்பெட்டி) வைத்து இரண்டு ஸ்டாப் இழந்தால் தூரமும் பாதியாகும்.

எனவே ஃபிளாஷை முகத்துக்கு மிக அருகில், ஃபிரேமுக்கு வெளியே பிடியுங்கள். சூரியன் பின்னால் ஒரு தோளின் பக்கம் இருந்தால் ஃபிளாஷ் முன்னால் எதிர்ப்பக்கத்திலிருந்து வரட்டும். பின்னணி இயல்பை விட ஒரு ஸ்டாப் இருட்டாக இருந்தால் போதும். அதற்கும் கீழே போனால் வெட்டி ஒட்டிய படம்போல் ஆகிவிடும்.

எச்.எஸ்.எஸ். போட்டு எஃப் 2-ல எடுத்தா ஃபிளாஷ் வெளிச்சமே பத்தல. என்டி போட்டா சரியாகுமா?

எச்.எஸ்.எஸ். என்பது 1/250-ஐத் தாண்டிய வேகத்திலும் ஃபிளாஷை வேலை செய்ய வைக்கும் ஹை ஸ்பீட் சிங்க் முறை. அதில் ஷட்டரின் குறுகிய இடைவெளி சென்சார் முழுவதும் நகர்ந்து முடியும்வரை ஃபிளாஷ் துடித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே வெடிப்பில் தர வேண்டிய சக்தியைப் பரப்பித் தருவதால் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் போய்விடுகிறது. ஷட்டரை இன்னும் வேகமாக்க ஆக்க அது மேலும் குறையும்.

என்டி ஃபில்டர் வெயிலையும் ஃபிளாஷையும் ஒரே அளவில்தான் குறைக்கும், ஃபிளாஷுக்குப் புதிய பலம் எதுவும் வராது. ஆனால் 1/250-லேயே இருந்துகொண்டு அப்பர்ச்சரைத் திறக்க விடுவதால் ஃபிளாஷின் முழு வெடிப்பும் பயன்படுகிறது. எஃப் 11 இருந்த இடத்தில் மூன்று ஸ்டாப் ஃபில்டர் எஃப் 4 தரும், ஐந்து ஸ்டாப் எஃப் 2 தரும். சக்தி குறைந்த ஃபிளாஷ் வைத்திருப்பவருக்கு என்டி. பெரிய ஃபிளாஷும் ஓடும் குழந்தையும் இருந்தால் எச்.எஸ்.எஸ். மிருதுவான பின்னணி அவசியமில்லையென்றால் எஃப் 8, எஃப் 11-லேயே எடுங்கள். இரண்டு தொல்லையும் இல்லை.

எல்லாத்தையும் மென்மையாக்கணுமா? கடுமையான வெயிலை அப்படியே வெச்சு எடுக்கக் கூடாதா?

தாராளமாக எடுக்கலாம். சுருக்கம் விழுந்த முகம், உழைத்த கை, கூர்மையான தாடை, சுவரில் விழும் நெடிய நிழல், பின்னல் தொப்பியின் கண்ணிகள் வழியே முகத்தில் விழும் வலை, இவையெல்லாம் நேர் வெயிலில்தான் கிடைக்கும். அப்போது நிழலையும் ஒரு ஆளாக எண்ணி அதற்கு ஃபிரேமில் இடம் விடுங்கள். வெளிச்சம் பட்ட சருமத்துக்கு எக்ஸ்போஷர் வைத்து, நிழல் கருப்பாகவே இருக்கட்டும். இரண்டுக்கும் நடுவே சமரசம் செய்தால் இரண்டும் கெடும். பக்கவாட்டு முகமாகத் திருப்பி, மூக்கைச் சூரியனுக்கு நேரே காட்டச் சொல்லி, கண்ணை மூடவோ இறக்கவோ சொல்லிப் பாருங்கள். மூக்கு நிழல் பிரச்சினையே எழாது.

எடிட்டிங்ல சரி பண்ணிக்கலாம்ல?

இருட்டை ஏற்றலாம், நிறத்தைத் திருத்தலாம், எதிர்வெளிச்ச மூட்டத்தை ஓரளவு விலக்கலாம். முகத்தின் குறுக்கே விழுந்த கூரான நிழல் விளிம்பை எடுக்க ஒரு படத்துக்கே நெடுநேரம் பிடிக்கும். இலைப் புள்ளிகளுக்கு அதை விட அதிகம். சுருங்கிய கண்ணைத் திறக்க எந்த ஸ்லைடரும் கிடையாது. எடுக்கும் இடத்தில் ஆளை இரண்டடி நகர்த்தச் சொல்ல ஆகும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.